காபிக்கொட்டையை வீட்டிலேயே வறுக்கலாமா? கேஸ் கிரில்லும் ஒரு டிரம்மும் போதுமா?

காபித்தூள் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பேக் செய்த தேதி இருக்கும். எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் இருக்கும். ஆனால், கொட்டையை எப்போது வறுத்தார்கள் என்பது பெரும்பாலான பாக்கெட்டுகளில் இருக்காது. காலையில் டிகாக்‌ஷன் இறங்கும்போது வீடு மணக்குமா, மணக்காதா என்பதைத் தீர்மானிப்பது அந்த இல்லாத தேதிதான்.

இதற்காகவே பச்சைக் காபிக்கொட்டையை வாங்கி வீட்டிலேயே வறுத்துக்கொள்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சிலர் வாணலியில் வறுக்கிறார்கள். சிலர் பாப்கார்ன் மெஷினில். கொஞ்சம் சீரியஸாக இறங்கியவர்கள், பார்பெக்யூ செய்யும் கேஸ் கிரில்லுக்குள் துளையிட்ட ஸ்டீல் டிரம் ஒன்றைப் பொருத்தி, மோட்டாரில் சுழலவிட்டு வறுக்கிறார்கள். அமெரிக்காவில் வீட்டுக்குப் பின்னால் கிரில் வைத்திருப்பவர்களிடம் இந்தப் பழக்கம் பல வருடங்களாகவே உண்டு. இப்போது நம்ம ஊரிலும் மொட்டை மாடியில் கிரில் வைத்திருப்பவர்கள் 'இதையும் ட்ரை பண்ணலாமே' என்று யோசிக்கிறார்கள்.

பண்ணலாமா? என்ன தேவை? காசு மிச்சமாகுமா? ஆபத்து எங்கே இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வறுத்த தேதி ஏன் அவ்வளவு முக்கியம்?

பச்சைக்கொட்டை என்பது ஒரு விதை. காய்ந்த நிலையில் அதில் 10 முதல் 12 சதவீதம் ஈரம் இருக்கும். வெயில் படாத, ஈரம் ஏறாத இடத்தில் வைத்தால் பல மாதங்களுக்குக் கெடாது. பருப்பு, பயறு மாதிரிதான்.

வறுத்த பிறகு கதை வேறு. வறுக்கும்போது கொட்டைக்குள் கரியமில வாயு உருவாகி அடைபட்டுக் கிடக்கும். அடுத்த சில நாட்களில் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். கூடவே மணமும் வெளியேறும். ஆக்சிஜன் உள்ளே போகும். எண்ணெய்ப் பசை மெல்ல மெல்லச் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். வறுத்த கொட்டை நல்ல மணத்துடன் இருப்பது 2 முதல் 3 வாரம் வரைதான். தூளாக அரைத்துவிட்டால் காற்று படும் பரப்பு பல மடங்கு கூடிவிடுவதால் சில நாட்களிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஆக, கடிகாரம் ஓட ஆரம்பிப்பது பறித்த நாளில் இல்லை, பேக் செய்த நாளிலும் இல்லை. வறுத்த நாளில். வீட்டில் வறுப்பதன் லாபம் என்று ஒன்று இருந்தால், அந்தக் கடிகாரம் உங்கள் கைக்கு வருவதுதான்.

டிரம் புதுசா? இல்லவே இல்லை

தமிழ்நாட்டு நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் காபி பரவலாக நுழைந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும். பல வீடுகளில் கொட்டையாகவே வாங்கி, வீட்டிலேயே வறுத்து, கையால் சுற்றும் மெஷினில் அன்றன்றைக்கு அரைத்துக்கொண்டார்கள். வறுப்பதற்கென்றே ஓர் இரும்பு உருளை இருந்தது. நடுவில் ஒரு கம்பி, ஒரு முனையில் கைப்பிடி, கொட்டை போட ஒரு சின்னக் கதவு. குமுட்டி அடுப்பில் கரி கனன்றுகொண்டிருக்க, ஒருவர் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பார்.

மோட்டாரையும் கேஸையும் எடுத்துவிட்டால் இன்றைய கிரில் டிரம்மும் இதே பொருள்தான்.

அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட இதே வரலாறு. 1860களின் உள்நாட்டுப் போரில் வீரர்களுக்குப் பச்சைக்கொட்டையும் ரேஷனாகக் கொடுக்கப்பட்டது. அவர்களே அதைச் சட்டியில் வறுத்துக்கொண்டார்கள். 1864இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜேபஸ் பர்ன்ஸ், நெருப்பிலிருந்து டிரம்மைத் தூக்காமலேயே வறுத்த கொட்டையை வெளியே தள்ளும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பெரிய அளவில் வறுப்பது அதனால் எளிதானது. அடுத்த சில வருடங்களில் ஜான் ஆர்பக்கிள் வறுத்த கொட்டையைப் பையில் அடைத்து விற்று நாடு முழுக்கப் பிரபலமானார். வறுத்தது சீக்கிரம் பழசாகிவிடும் என்பது அவருக்கும் தெரியும். அதனால் கொட்டையின் மேல் முட்டையும் சர்க்கரையும் கலந்த மெல்லிய பூச்சு பூசினார்!

வசதி வந்தது, வீட்டு உருளை பரணுக்குப் போனது. நம்ம ஊரிலும் தெருமுனைக் காபித்தூள் கடை வந்த பிறகு இதேதான் நடந்தது.

வாணலி போதாதா? டிரம் எதற்கு?

வாணலியிலும் வறுக்கலாம். எத்தியோப்பியாவில் விருந்தாளி முன்னாலேயே தட்டையான சட்டியில் வறுத்து, இடித்து, காபி போட்டுக் கொடுப்பது இன்றும் இருக்கும் மரபு.

ஆனால் வாணலியில் ஒரு சிக்கல். காபிக்கொட்டையின் ஒரு பக்கம் தட்டை. அந்தப் பக்கம் சூடான உலோகத்தில் உட்கார்ந்தால் அங்கே மட்டும் கருகும், உள்ளே பச்சையாகவே இருக்கும். கையால் எவ்வளவு கிளறினாலும் எல்லாக் கொட்டையும் ஒரே மாதிரி சூடாவது கஷ்டம்.

டிரம் இந்தப் பிரச்சினையைச் சுழற்சியால் தீர்க்கிறது. உள்ளே துடுப்பு மாதிரி சில தகடுகள் இருக்கும். டிரம் சுழலும்போது அவை கொட்டையை மேலே தூக்கிக் கீழே கொட்டும். எந்தக் கொட்டையும் ஓரிடத்தில் தங்காது. கிரில்லின் மூடியை மூடியதும் உள்ளே இருக்கும் சூடான காற்று, துளைகள் வழியாக எல்லாப் பக்கமும் படும்.

வேகம் முக்கியம். கோழி சுடுவதற்குக் கிரில்லோடு வரும் மோட்டார் நிமிடத்துக்குச் சில சுற்றுகள்தான் சுற்றும். காபிக்கு அது போதாது, கொட்டை சறுக்கிக்கொண்டே கிடந்து கருகும். கிரில்லில் வறுப்பவர்கள் நிமிடத்துக்கு 50 முதல் 60 சுற்று வரை தரும் மோட்டாரைத்தான் மாட்டுகிறார்கள். ரொம்ப வேகமாகச் சுற்றினாலும் ஆகாது. கொட்டை டிரம்மின் சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும், கீழே விழாது.

டிரம் எந்த உலோகம் என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் நல்லது. கால்வனைஸ்டு தகரத்தில் செய்தது வேண்டாம், அதிலிருக்கும் துத்தநாகப் பூச்சு இந்தச் சூட்டுக்கானது அல்ல. வாணலியில் முயல்பவர்களும் நான்-ஸ்டிக்கைத் தொடாதீர்கள். அதிகச் சூட்டில் அந்தப் பூச்சு நச்சுப் புகை விடும்.

கிரில் இல்லாதவர்கள்?

கைப்பிடி வைத்த சின்ன டிரம்கள் இப்போதும் கிடைக்கின்றன. சாதாரண கேஸ் அடுப்பின் மேல் வைத்துச் சுற்றலாம். ஒரு தடவைக்கு 100 முதல் 200 கிராம் வரை வறுக்கலாம். கை வலிக்கும், ஆனால் கிரில்லில் இல்லாத ஒரு வசதி உண்டு. தீயைக் கூட்டிக் குறைத்தால் உடனே பலன் தெரியும்.

கொட்டைக்குள் என்ன நடக்கிறது?

மொத்தமே 12 முதல் 18 நிமிட வேலைதான். அதற்குள் நான்கு கட்டம் இருக்கிறது.

1. காய்தல்: முதல் 4, 5 நிமிடம் பெரிதாக ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். ஈரம் வெளியேறும். பச்சை நிறம் மெல்ல மஞ்சளாகும். வைக்கோல் வாசனை வரும்.

2. பழுப்பாதல்: சுமார் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து வினைபுரியத் தொடங்கும். தோசை முறுகும்போது நிறமும் மணமும் வருகிறதே, அதே வினைதான். இப்போது சுட்ட ரொட்டி வாசனை வரும். கொட்டையின் மேலிருக்கும் மெல்லிய தோல் உரிந்து உமியாகப் பறக்கும்.

3. முதல் வெடிப்பு: ஏறக்குறைய 200 டிகிரி. உள்ளே சேர்ந்த நீராவியும் வாயுவும் கொட்டையை வெடிக்க வைக்கும். சோளம் பொரிகிற மாதிரி 'பட் பட்' சத்தம் கேட்கும். கொட்டை உப்பிப் பெரிதாகும். இந்த இடத்திலிருந்துதான் அது குடிக்கக்கூடிய காபி.

4. இரண்டாவது வெடிப்பு: ஏறக்குறைய 225 டிகிரி. இந்தச் சத்தம் மெலிதாக, வேகமாக இருக்கும். தாளிப்பில் கடுகு பொரிகிற மாதிரி. எண்ணெய் மேற்பரப்புக்கு வந்து கொட்டை பளபளக்கும். புகை அடர்த்தியாகும். இதற்குப் பிறகு விட்டால் கரிதான்.

கிரில்லில் வறுக்கும்போது மூடி மூடியிருக்கும், டிரம் சுழன்றுகொண்டிருக்கும், நிறம் கண்ணுக்குத் தெரியாது. மூடியில் இருக்கும் தெர்மாமீட்டர் காட்டுவதும் உள்ளே இருக்கும் காற்றின் சூட்டைத்தான், கொட்டையின் சூட்டை இல்லை. எனவே காதும் மூக்கும்தான் கருவி. இயர்போனைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

எப்படிச் செய்வது?

* டிரம்மின் கொள்ளளவில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. வறுபடும்போது கொட்டை ஒன்றரை மடங்கு, சில சமயம் இரண்டு மடங்கு வரை உப்பும். முதல் முறைக்கு 250 கிராம் போதும்.

* கல், உடைந்த கொட்டை, பூச்சி அரித்தது, கறுத்தது எல்லாவற்றையும் முதலில் பொறுக்கி எடுத்துவிடுங்கள். சின்னத் துண்டுகள் சீக்கிரம் கருகி மொத்தத்தையும் கசப்பாக்கும்.

* கிரில்லைப் பற்றவைக்கும்போது மூடி திறந்திருக்க வேண்டும். மூடிய கிரில்லில் கேஸ் சேர்ந்து, பிறகு பற்றினால் குப்பென்று வெடிக்கும். பற்றியதும் மூடி, உள்ளே 230 முதல் 260 டிகிரி வரும்வரை காத்திருங்கள்.

* சூடு தாங்கும் நீளமான கையுறையோடு டிரம்மை மாட்டி, மோட்டாரைப் போட்டு, மூடியை மூடி, போனில் டைமரை ஆரம்பியுங்கள். டிரம் நிற்காமல் சுழல்கிறதா என்பதை அவ்வப்போது கவனியுங்கள். மோட்டார் நின்ற ஒரு நிமிடத்தில் அடியில் இருப்பது கருகிவிடும்.

* முதல் வெடிப்பு தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 9 முதல் 12 நிமிடத்துக்குள் வந்தால் சரியான வேகம். 6 நிமிடத்திலேயே வந்தால் தீ அதிகம். 16 நிமிடம் ஆகியும் வரவில்லை என்றால் தீ குறைவு.

* வெடிப்பு தொடங்கியதும் தீயைக் கொஞ்சம் தணியுங்கள். இங்கிருந்து 2 முதல் 4 நிமிடத்துக்குள் நிறுத்தியாக வேண்டும்.

* நிறுத்துவது என்றால் தீயை அணைப்பது மட்டும் இல்லை. கொட்டை தன் சூட்டிலேயே தொடர்ந்து வறுபடும். அதனால் விரும்பும் நிலைக்குச் சில விநாடிகள் முன்பே வெளியே எடுத்து, அகலமான இரும்புச் சல்லடையில் கொட்டி, டேபிள் ஃபேன் முன்னால் வைத்துக் கிளறுங்கள். 4, 5 நிமிடத்தில் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிட வேண்டும்.

* ஆறியதும் உமியை நீக்க வேண்டும். இதற்கென்று எந்த கேட்ஜெட்டும் வேண்டாம், ஒரு முறம் போதும். நாலு தடவை புடைத்தால் உமி பறந்துவிடும்.

வறுத்த அன்றே டிகாக்‌ஷன் போட ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வாயு அதிகமாக இருப்பதால் ஃபில்டரில் தூள் நுரைத்துப் பொங்கும், நீர் சரியாக இறங்காது. ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் விட்டு அரையுங்கள். முதல் நாள் டப்பாவை இறுக்கி மூட வேண்டாம்.

எங்கே நிறுத்துவது?

இது ருசியைப் பொறுத்தது. முதல் வெடிப்பு முடிந்த கையோடு நிறுத்தினால் லைட் ரோஸ்ட். புளிப்பும் பழ மணமும் தூக்கலாக இருக்கும். பால் சேர்க்காமல் குடிப்பவர்களுக்குப் பிடிக்கும்.

பாலும் சர்க்கரையும் சேர்க்கும் ஃபில்டர் காபிக்கு அது போதாது. பாலில் காணாமல் போய்விடும். முதல் வெடிப்பு அடங்கி, இரண்டாவது தொடங்கப்போகும் நேரத்தில் நிறுத்தினால் நமக்குப் பழக்கமான ருசி கிடைக்கும். புளிப்பு குறைந்து, இனிப்பு கலந்த கசப்பும் அடர்த்தியும் வரும்.

'கறுப்பா வறுத்தா கஃபீன் அதிகம்' என்று சொல்வார்கள். அது சரியில்லை. கஃபீன் வறுப்பதில் பெரிதாக மாறுவதில்லை. கொட்டையின் வகைதான் முக்கியம். ரொபஸ்டாவில் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கஃபீன் இருக்கிறது.

நிறத்தை நம்ப முடியாதவர்களுக்கு ஓர் எளிய வழி, கிச்சன் தராசு. வறுக்கும் முன்னும் பின்னும் எடை போடுங்கள். 12, 13 சதவீதம் குறைந்திருந்தால் லைட். 14 முதல் 16 என்றால் மீடியம். 17க்கு மேல் போனால் டார்க். 250 கிராம் பச்சைக்கொட்டை சுமார் 212 கிராமாகக் குறைந்திருந்தால் 15 சதவீதம் போயிருக்கிறது, நல்ல மீடியம்.

ருசியும் தவறைச் சொல்லிக் கொடுக்கும். பச்சைப் புல் மாதிரி இருந்தால் உள்ளே வேகவில்லை. மேலே கரும்புள்ளியும் வாயில் சாம்பல் ருசியும் இருந்தால் ஆரம்பத் தீ அதிகம். கருகலும் இல்லை, புளிப்பும் இல்லை, மணமும் இல்லை, சப்பென்று இருக்கிறது என்றால் குறைந்த தீயில் ரொம்ப நேரம் விட்டிருக்கிறீர்கள்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

இந்தப் பகுதியைத் தாவிப் போக வேண்டாம்.

கேஸ் கிரில்லை வீட்டுக்குள் பயன்படுத்தவே கூடாது. மூடிய இடத்தில் எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, தலைசுற்றல் என்று தொடங்கி உயிரைப் பறிக்கும். கண்ணாடி போட்டு அடைத்த பால்கனியும் வீட்டுக்குள் என்ற கணக்குதான். மொட்டை மாடி, திறந்த முற்றம், தோட்டம் மட்டுமே சரி. கரி அடுப்புக்கும் இதேதான். குமுட்டி அடுப்பில் வறுத்த வீடுகளுக்கு முற்றமும் கொல்லைப்புறமும் இருந்தன. 2 பிஎச்கே ஃபிளாட்டுக்கு அது இல்லை.

புகை: முதல் வெடிப்பு வரை லேசாக வரும். இரண்டாவது வெடிப்பு நெருங்கும்போது அறை நிறையும். கேஸ் அடுப்பில் கை டிரம் வைத்து வறுப்பவர்கள் ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, 100 கிராமுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் சமையலறையில் வறுக்கவே வேண்டாம். அபார்ட்மென்டில் ஸ்மோக் டிடெக்டர் இருந்தால் அது கத்தும், பக்கத்து வீடும் கேட்கும்.

தீ: கொட்டையைவிட உமிதான் சீக்கிரம் பற்றும். துளை வழியாக பர்னரில் விழுந்து சின்னச் சின்னதாக எரியும். ஒவ்வொரு தடவையும் கிரில்லைச் சுத்தம் செய்யாவிட்டால் அது சேர்ந்து ஒருநாள் பெரிதாகப் பற்றும். அப்படிப் பற்றினால் கேஸை அணைத்து, மூடியைத் திறக்காமல் அப்படியே விடுங்கள். திறந்தால் காற்று போய்த் தீ பெரிதாகும். தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கேஸ்: எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். டியூப் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டே பற்றவையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. அடுப்பில் டிரம் இருக்கும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது. நல்ல மீடியம் ரோஸ்ட்டுக்கும் கரிக்கும் நடுவில் இரண்டு, மூன்று நிமிடம்தான். ஒரு போன் காலுக்குப் போய்வரும் நேரம்.

உடம்புக்குக் கெடுதலா?

வறுக்கும் எந்த உணவையும் போலக் காபியிலும் அக்ரிலமைடு என்ற பொருள் உருவாகிறது. 1994இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதை, மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அதே நிறுவனம் 2016இல் காபி குடிப்பதைத் தனியாக ஆராய்ந்து, புற்றுநோயை உண்டாக்கும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. வறுப்பதன் ஆரம்பக் கட்டத்தில் அக்ரிலமைடு கூடி, பிறகு குறைந்துகொண்டே வரும் என்பதும் கவனிக்க வேண்டியது. வீட்டில் வறுப்பவர்கள் கோப்பையில் இருப்பதைவிட மூச்சில் போகும் புகையைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும்.

காசு மிச்சமாகுமா?

2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா விலை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டி புதிய உச்சம் தொட்டது. உலகின் மிகப் பெரிய உற்பத்தியாளரான பிரேசிலில் மழை பொய்த்தது ஒரு முக்கியக் காரணம். அந்தச் சூடு நம்ம ஊர்க் காபித்தூள் விலையிலும் தெரிந்தது. 'நாமே வறுத்தா மலிவா முடியுமே' என்று தோன்றுவது இயல்புதான்.

கணக்குப் போடும்போது எடை இழப்பை மறந்துவிடக் கூடாது. உதாரணத்துக்கு, பச்சைக்கொட்டை கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வறுத்தால் கிடைப்பது 850 கிராம்தான். அப்படியானால் வறுத்த கொட்டையின் அடக்க விலை கிலோவுக்குச் சுமார் 706 ரூபாய். கேஸ், கருகிப்போகும் முதல் சில பேட்ச், டிரம், மோட்டார், அரைக்கும் மெஷின் எல்லாம் இதற்கு மேல்.

நல்ல ரோஸ்ட்டரி காபியை விலை கொடுத்து வாங்குபவர்களுக்கு இதில் மிச்சம் இருக்கலாம். தெருமுனைக் கடையில் சிக்கரி கலந்த தூள் வாங்குபவர்களுக்கு மிச்சம் பெரிதாக இருக்காது. ஏனென்றால் அந்தப் பொடியில் ஒரு பங்கு காபியே இல்லை. காபி-சிக்கரி கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பதுதான் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. வீட்டில் வறுப்பவர்களும் சிக்கரி ருசி வேண்டுமென்றால் சிக்கரித் தூளைத் தனியாக வாங்கி 10, 20 சதவீதம் கலந்துகொள்ளலாம். அளவு உங்கள் கையில்.

நேரத்தையும் கணக்கில் சேருங்கள். ஒரு கப்புக்கு 10 கிராம் தூள், இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு கப் என்றால் நாளைக்கு 40 கிராம். 250 கிராம் வறுத்தால் ஐந்து நாள்தான் வரும். அதாவது வாரா வாரம் வறுக்க வேண்டும். பொறுக்குவது, சூடேற்றுவது, வறுப்பது, புடைப்பது, சுத்தம் செய்வது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் போய்விடும்.

என்ன கொட்டை வாங்குவது?

1942 காபிச் சட்டத்தின் கீழ் இயங்கும் காபி வாரியம்தான் பல பத்தாண்டுகள் நாட்டின் காபி விற்பனையைக் கையில் வைத்திருந்தது. விவசாயிகள் விளைச்சலை வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குக் கொடுக்க வேண்டும். 1990களின் நடுவில் அந்த முறை முடிவுக்கு வந்தது. எஸ்டேட்காரர்கள் தாங்களே நேரடியாக விற்கலாம் என்று ஆனது. ஏற்காட்டிலோ கொடைக்கானல் மலையின் கீழ்ப்பகுதியிலோ விளைந்த பச்சைக்கொட்டையை நீங்கள் இன்று ஆன்லைனில் கிலோ கணக்கில் வாங்க முடிவது அதனால்தான். வால்பாறை, நீலகிரி, கொல்லிமலையிலும் காபி விளைகிறது.

கடைகளில் கேட்கும் பெயர்களை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். 'பிளான்டேஷன் ஏ' என்பது தோல் நீக்கி, கழுவிக் காயவைத்த அராபிகா. 'பீபெரி' என்பது ஒரு பழத்தில் வழக்கமான இரண்டு விதைக்குப் பதில் ஒன்றே ஒன்று உருண்டையாக விளைந்தது. தட்டைப் பக்கம் இல்லாததால் டிரம்மில் நன்றாக உருளும், புதிதாகப் பழகுபவர்களுக்கு வசதி. 'செர்ரி' என்றால் பழத்தோடு காயவைத்துப் பிறகு உரித்தது. ரொபஸ்டாவைக் கொஞ்சம் கலந்தால் டிகாக்‌ஷன் திக்காகும், விலையும் குறையும். ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டு வறுக்க வேண்டாம். தனித்தனியாக வறுத்துப் பிறகு கலப்பதே நல்லது.

தென்னிந்தியாவில் அராபிகா அறுவடை பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை. புதிய கொட்டை வேண்டுபவர்கள் மார்ச், ஏப்ரலில் கேட்டு வாங்கலாம். 'எந்த வருட விளைச்சல்?' என்று கேட்க மறக்காதீர்கள்.

அப்படியானால் யாருக்கு இது சரி?

திறந்த மாடி இருக்கிறது, ஏற்கெனவே கேஸ் கிரில் இருக்கிறது, வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும் என்பவர்கள் தாராளமாக இறங்கலாம். முதல் மூன்று, நான்கு பேட்ச் சொதப்பும். விலை உயர்ந்த கொட்டையை வாங்கிப் பழகாதீர்கள்.

ஃபிளாட்டில் இருப்பவர்கள் கை டிரம்மில் 100 கிராம் வறுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். புகை ஒத்துவரவில்லை என்றால் அதோடு விட்டுவிடுவதே நல்லது.

இரண்டுமே முடியாதவர்களுக்கும் புதிய காபி கிடைக்கும். அவர்களே வறுத்து அரைத்துத் தரும் கடை பக்கத்தில் இருந்தால், கொட்டையாகக் கால் கிலோ மட்டும் வாங்கி வீட்டு மிக்ஸியில் அவ்வப்போது அரைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது 'இது என்னைக்கு வறுத்ததுங்க?' என்று கேளுங்கள். நாளைச் சரியாகச் சொல்லும் கடையில் வாங்குங்கள்.